உச்ச வாடகை

ஆம்பூர் ஷூ கம்பெனியிலிருந்து
ஹாலந்துக்குப் போன மச்சான் போனில் சொன்னான்:
இங்கே வீட்டுக்கு மார்க் போடுவார்கள்.
சதுர மீட்டருக்கு இவ்வளவு, சமையலறைக்கு இவ்வளவு,
கூட்டினால் வாடகையின் உச்சம் வந்துவிடும்.
அதற்கு மேல் ஓனர் கேட்க முடியாது.

கடைசி வாக்கியத்தை மட்டும்
இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

கொசப்பேட்டை, மூன்றாவது மாடி, கல்நார் ஷீட்.
மே மாதம். மின்விசிறி அனலை
அறை முழுக்கச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டிருந்தது.
மெடிக்கல் ஷாப் பில் ஒன்றின் முதுகில்
நானே மார்க் போட ஆரம்பித்தேன்.

பத்துக்குப் பதினொன்று அறை: பதினொரு புள்ளி.
சன்னல் ஒன்று. திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்
கன்னத்தில் இடிக்கும். அரை.
குழாய் உண்டு, தண்ணீர் ஒன்பது நாளுக்கொரு முறை.
சைபர்.
கக்கூஸ் நான்கு குடும்பத்துக்கு.
காலை ஏழு மணியை நினைத்து ஒன்றைக் கழித்தேன்.
ஷீட்டுக்கு இன்னொன்று. பிறகு மனசு கேட்காமல்
மழையில் அது போடும் சத்தத்துக்கு
ஒன்றைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரி கேட் எட்டு நிமிஷ நடை.
இந்தத் தெருவின் விலையே அதுதான்.
எதிர் அறை மால்டாக்காரர்
நாள் வாடகையில் நாலு மாதமாக இருக்கிறார்,
மனைவியின் அடுத்த ஸ்கேனுக்காக.
அவர்கள் நோயை என் கணக்கில் எப்படிச் சேர்ப்பது?
விட்டுவிட்டேன்.

பத்தரைப் புள்ளி.
புள்ளிக்கு இருநூறு என்று தாராளமாகவே வைத்தேன்.
இரண்டாயிரத்து நூறு.
கொடுப்பது ஆறாயிரத்து ஐந்நூறு.

ஒன்றாம் தேதி பணத்தோடு பில்லையும் நீட்டினேன்.
தாயாரம்மா டிரம்மில் மோட்டார் தண்ணீர் பிடித்துக்கொண்டே
ஒருமுறை கூட்டிப் பார்த்தாள். சரியாக இருந்தது.
"மாடிப்படி லைட்ட உட்டுட்ட" என்றாள்.
அரை மார்க் போட்டேன்.

"இங்க வர்றதுக்கு முன்னாடி எத்தன வூடு ஏறி எறங்கின?"
ஏழு.
"இன்னா கேட்டாங்க?"
ஊர் கேட்டார்கள். ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள்.
அப்பா பேர், அப்பாவின் அப்பா பேர்,
ஞாயிற்றுக்கிழமை என்ன சமைப்பேன் என்பது வரை.
"நான் கேட்டனா?"
கேட்கவில்லை. பத்து மாத அட்வான்ஸ் மட்டும் கேட்டாள்.
"அதுக்கு எங்கடா மார்க்கு?"

டிரம் வழிந்தது. மோட்டாரை நிறுத்தப் போனாள்.

படியேறும்போது கழித்துப் பார்த்தேன்.
நாலாயிரத்து முந்நூறு, மாதா மாதம்,
ஒருத்தி கேட்காமல் விட்ட கேள்விக்கு.
கொள்ளை என்று சொல்ல வாய் வரவில்லை.
நன்றி என்று சொல்லவும்.

ராத்திரி மச்சானைக் கூப்பிட்டேன்.
அங்கே நீ எத்தனை வீடு ஏறி இறங்கினாய்?

லைன் நன்றாகத்தான் இருந்தது.
அவன் பின்னால் எங்கோ
ஒரு டிராம் போகும் சத்தம் கூடக் கேட்டது.