சொத்து விவரம்

சுங்கவரி தனியாகக் கட்டினேன்.
அந்தக் காசுக்கு அரை கிராமில் மூக்குத்தி வரும் என்று
கூரியர் பையன் இளவழகன் கணக்குச் சொன்னான்.
கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

மஞ்சக்குப்பம். பதிவு அலுவலகத்துக்கு எதிர்வரிசை.
ஜெராக்ஸ் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவில்
நான் பத்திரம் எழுதும் மேசை.
அதன்மேல்
துத்தநாகமும் சாம்பல் வர்ணமுமாய்
ஓர் ஆங்கிலேயப் போர்விமானம்
நேர்செங்குத்தாக இறங்கியது.
ஓடுபாதை கேட்காத ரகம்.
விலாப்பக்கம் நான்கு குழல்கள்:
பின்னால் திருப்பினால் பறக்கும்,
கீழே திருப்பினால்
ஆகாயத்தில் அப்படியே நிற்கும்.
நகத்தால் திருப்பலாம்.
திருப்பினேன்.

எழுபத்திரண்டில் ஒரு பங்கு.
ஓட்டுகிறவர் என் கட்டைவிரல் நகத்தளவு.
அவர் கணக்கில் என் மேசை ஏறக்குறைய ஓர் ஏக்கர்,
சாலைக்கு விட்டதுபோக
பன்னிரண்டு மனை தேறும்.

தொழில் புத்தி, எழுதிவிட்டேன்:
வடக்கே ஸ்டாம்ப் பேடு,
தெற்கே எனது டிபன் பாக்ஸ்,
கிழக்கே மின்விசிறி,
மேற்கே தணிகாசலம் வகையறா பாகப்பிரிவினைக் கட்டு,
இந்நான்கு எல்லைக்கு உட்பட்ட இடத்தில்
தென்வடல் ஏழே முக்கால் அங்குலம்
கிழமேல் நாலேகால்
உள்ள வானூர்தி ஒன்றும்
அதைச் சார்ந்த சக்கரங்கள், குழல்கள்,
கழற்றி மாட்டும் குண்டுகள் சகிதமும்.

இந்த ஊருக்கு இது புதிதில்லை.
தேவனாம்பட்டினத்துக் கோட்டையை
மராட்டியரிடம் கம்பெனிக்காரர்கள் விலைபேசியபோது
பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும்
சேர்த்து எழுதி வாங்கினார்கள்.
சுட்டார்கள்.
விழுந்த இடம் எல்லை.
குண்டுக் கிராமங்கள் என்றே பெயர்.
முந்நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முந்திய
அந்தப் பத்திரத்தை எழுதியவர் யார்,
எழுத்துக்கூலி ஒழுங்காகக் கொடுத்தார்களா,
குண்டு வந்து விழுந்த கேழ்வரகுக் கொல்லைக்காரரை
சாட்சிக்காவது கூப்பிட்டார்களா என்று
கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமைகளில்
யோசித்திருக்கிறேன்.

எதை வாங்கினாலும் முதலில் வில்லங்கம் பாருங்கள் என்று
ஊருக்கெல்லாம் சொல்கிறவள்.
பெட்டிக்குள் சான்று அட்டை இருந்தது.
ஆயிரத்து இருநூற்று ஐம்பதில்
நானூற்றுப் பதினெட்டாவது.
எந்தக் கப்பல், எந்த வருஷம்,
வால் எண் என்ன, ஓட்டியவர் பதவி என்ன,
எல்லாம் சுத்தமாக அச்சடித்திருந்தது.
கீழே இருந்தவர்கள் பெயர்?
அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்.
பளபளவென்று வெள்ளை.

ஆனாலும் திருப்பி அனுப்பவில்லை.
அழகாக இருக்கிறது,
அதுதான் சங்கடம்.

பறப்பதைவிட நிற்பதற்குத்தான் செலவு அதிகமாம்.
நிற்கையில் எஞ்சின் கொதிக்காமல் இருக்க
உள்ளே தண்ணீர் தெளித்தபடி இருக்கவேண்டுமாம்,
அந்தத் தண்ணீரும் ஒன்றரை நிமிஷத்துக்குத்தான்.
படித்தபோது சிரிப்பு வந்தது.
பதினெட்டு வருஷம் இதே மேசை,
சித்திரை வெயில், தகரக் கூரை,
காலையில் பிடித்த ஒரு பாட்டில் தண்ணீர்.

விசிறியை மூன்றில் வைத்தால்
முத்திரைத்தாள்கள் கிளம்பப் பார்க்கும்.
இப்போது அவற்றின்மேல் விமானத்தை வைக்கிறேன்.
ஒன்றும் பறப்பதில்லை.

தணிகாசலம் பெஞ்சின் இந்த முனை,
தம்பி ஏகாம்பரம் அந்த முனை.
மூன்று வருஷமாகப் பேச்சில்லை,
என்னிடம் சொல்லித்தான் சொல்லிக்கொள்வார்கள்.
தம்பி குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:
"ஆறு சென்ட்டுல எறங்குமாம்மா இது?"
"எறங்கும்" என்றேன்.
"பாரத்தோட கெளம்புறதுதான் கஷ்டம்."
தம்பி சிரித்துவிட்டார்.
அண்ணனுக்கும் உதடு அசைந்த மாதிரி இருந்தது.
பிறகு இருவரும் வெவ்வேறு பக்கம்
தெருவைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

வீடு பிரித்தாயிற்று, நடைபாதை பிரித்தாயிற்று.
கொல்லைப்புறத்தில் ஒரு போர் இருக்கிறது,
நூற்றெண்பது அடி.
அது யார் பங்கு என்பதற்கு மட்டும்
ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன்.