கொம்பும் காலும்

காலை ஐந்தே கால்.
முத்தூர்ப் பாதையில் எங்கள் பால் சங்கம்.
கேன் மூடிகள் உருளும் சத்தத்துக்கு நடுவே
கையகல இயந்திரம் சீட்டைத் துப்புகிறது.

க தள்ளி நிற்கிறது.
பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம்,
அதற்கு முன்னால் கொம்பு, பின்னால் கால்,
நடுவில் மாடு இல்லை.

கொழந்தசாமி என்று நான் தட்டிய பெயர்
இப்படித்தான் வெளியே வந்தது.
கொழுப்பு என்ற தலைப்பும் அப்படியே.
பொங்கியண்ணன், சொர்ணாத்தா,
கொறங்காட்டுத் தோட்டம் ரங்கநாயகி,
ஒருவருக்கும் உடம்பு ஒரு துண்டாக இல்லை.

"நம்பர் செரியா இருக்குதுல்ல, உடுங்க"
என்றார் செயலாளர்.
அவர் பெயர் மாரப்பன்.
மாரப்பனுக்குக் கொம்பு கிடையாது.

நிரல் இலவசம். அதைவிட, திறந்தது.
கிளுவை வேலியில் கட்டிய படல் போல.
தூக்கி வைத்துவிட்டு யாரும் உள்ளே போகலாம்,
திரும்பும்போது சாத்திவிட்டு வந்தால் சரி.
போனேன்.
பி.காம். படித்தவளுக்கு அங்கே
பாதி புல், பாதி முள்.

சீட்டைப் படம் பிடித்து, தட்டுத் தடுமாறி
ஒரு புகார் எழுதினேன்: எழுத்து உடைகிறது.
மூன்று வாரம் கழித்து
பனி கொட்டும் ஏதோ ஊரிலிருந்து ஒரு வரி:
"எழுத்து என்று எதைச் சொல்கிறீர்கள்?"

கிண்டல் இல்லை. அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.
அவர் கணக்கில் கொ இரண்டு.
சிலேட்டில் எழுதினால் மூன்று.
வாயில் ஒன்று.
இதை எப்படிச் சொல்ல?
மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவனிடம்
கொம்பு ஒன்று, உடல் ஒன்று, கால் ஒன்று,
ஆக மூன்று உருப்படி என்று
எந்தச் சந்தையில் சுங்கம் கேட்பார்கள்?
அப்படியே எழுதி அனுப்பினேன்.
கண்ணபுரம் சந்தை என்று பெயர்கூடப் போட்டேன்.

பதில் இல்லை.
சித்திரை போய் ஆடிக் காற்று வந்தது.
காற்று வருகிற கணவாய்க்கு அந்தப் பக்கம்
கொல்லங்கோட்டிலிருந்து லிஜி என்று ஒருத்தி:
"எங்கள் ஊர்ப் பெயரும் இப்படித்தான் சிதறுது சேச்சி.
எங்களுக்கும் அதே கொம்பு."
அவளுக்குக் கீழே ஒரு வங்காளி
"எங்களுக்கும்" என்று ஒரே சொல்.
அதுவரை அது எங்கள் சங்கத்துச் சீட்டு என்றிருந்தேன்.

லிஜி மாற்றியது பதினோரு வரி.
அந்தப் பதினொன்றுக்கு நாற்பது கேள்வி கேட்டார் பனியூர்க்காரர்.
பிறகு, சோதிக்க ஒரு பெயர் வேண்டுமென்றாள்,
உடைந்தால் உடனே தெரிகிற பெயர்.

கொழந்தசாமியிடம் கேட்டேன்.
"எம்பேரா? எதுக்குங்க?"
"உலகத்துல ஆரு இந்த நிரலத் தொட்டாலும்
உங்க பேரு உடையாம இருக்குதான்னு பாத்துட்டுத்தான்
அடுத்த சோலிங்க."
போசியைச் சாய்த்துக் கடைசிச் சொட்டை வடித்தார்.
"வாடகை ஏதாச்சும் குடுப்பாங்களா?"

புதுப் பதிப்பு மார்கழியில் வந்தது.
ஏற்ற உட்கார்ந்த நாளில் மின்சாரம் இல்லை,
மின்சாரம் இருந்த நாளில் எனக்குக் காய்ச்சல்.
போகிக்கு மறுநாள்தான் முடிந்தது.
முதல் சீட்டு.
க-வுக்கு முன்னால் கொம்பு,
பின்னால் கால்,
வட்டம் எங்கேயோ ஓடிவிட்டது.
கிழிக்காமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.
வரிசை நீண்டது.

கொழந்தசாமி வாங்கினார். பெயரைப் பார்க்கவில்லை.
விரல் வைத்துக் கீழே நகர்ந்தார்.
"கொ… ழுப்பு… மூணு புள்ளி எட்டா?
நேத்து நாலுங்களே?"

இத்தனை வருடத்தில்
அந்தச் சொல்லை அவர் வாசித்து நான் கேட்டதில்லை.

"மிசினு அளந்ததுங்க" என்றேன்.
"அப்ப அதுக்கும் ஒரு புகார் எழுதிப் போடுங்க"
என்றார், போசியைத் தூக்கிக்கொண்டு.