டெமோ பீஸ்

கம்மனஹள்ளி ஷோரூமில்
நாற்பத்தோரு ஃப்ரிட்ஜ்கள்.
நாற்பதுக்கு மின்சாரம் கிடையாது.
உள்ளே பிளாஸ்டிக் ஆப்பிள், பிளாஸ்டிக் குடைமிளகாய்,
வாய் திறந்த ஒரு ரப்பர் மீன்.
திங்கட்கிழமை காலையில் எல்லாவற்றுக்கும்
தூசி துடைப்பேன்.
திராட்சைக் கொத்துக்கு மட்டும் பல் விளக்கும் பிரஷ்.

நாற்பத்தொன்றாவதுக்கு உயிர் உண்டு.
கதவில் திரை, உள்ளே கேமரா.
கீரை வாடப்போகிறதென்று
வாடுவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே சொல்லும்.
விலை, என் பதினோரு மாதச் சம்பளம்.

என் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை.
இதில் எனக்கு வெட்கமில்லை,
மல்லேஷ் சாருக்குத்தான்.
"கஸ்டமர்கிட்ட சொல்லிடாதம்மா."

ஸ்ரீராம்புரத்தில் பத்துக்குப் பத்து அறை.
காம்பு கிள்ளிய பச்சைமிளகாய் டப்பாவில்.
கொத்தமல்லி வேரோடு தம்ளர் தண்ணீரில்,
வரவேற்பறைப் பூங்கொத்து மாதிரி.
துவரம்பருப்புக்கு விளக்கெண்ணெய், அரிசிக்கு வசம்பு.
மாவு மீந்தால் புளிக்கும், புளித்தால் ஊத்தப்பம்,
அதற்கும் மேல் புளித்தால்
பக்கத்து அறை ஷகீலாவின் பித்தளைக் குடம் பளிச்சென்றாகும்.
இதையெல்லாம் யாரும் ஞானம் என்று சொல்லவேண்டாம்.
வங்கிக்குக் காட்டச் சம்பளச் சீட்டு இல்லை,
அவ்வளவுதான்.

குழந்தை பிறந்த ஐம்பத்திரண்டாம் நாள்
வேலைக்குத் திரும்பினேன்.
பதினொன்றரை மணிக்குச் சட்டை நனைந்தது.
சட்டையின் இடது பக்கம் கம்பெனியின் பெயர்,
முதலில் நனைந்தது அதுதான்.

ஸ்டோர் ரூமில்,
வாஷிங்மெஷின் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்று
ஒரு சீசா நிரப்பினேன்.
வெதுவெதுப்பாக அதைப் பிடித்துக்கொண்டு
வெளியே வந்தால்
எதிரே வரிசையாக
நாற்பத்தோரு கதவுகள்.

வேறென்ன செய்வேன்.
கீழ்த்தட்டில்,
பிளாஸ்டிக் எலுமிச்சைகளுக்குப் பின்னால்.

சாயங்காலம் ஜூஸ் கடையில் ஐஸ் கெஞ்சி வாங்கி
டிபன் பையில் போட்டு, ஈரத்துண்டு சுற்றி,
மெஜஸ்டிக்கில் பஸ் மாறி வீடு.
அங்கே சட்டிக்குள் சட்டி, நடுவில் ஈரமணல்,
மேலே நனைத்த சாக்கு.
மறுநாள் காலைக்குள் ஷகீலா புகட்டிவிட வேண்டும்,
மணலுக்கு வாரண்டி கிடையாது.

நாலாம் நாள் சனிக்கிழமை.
கல்யாண் நகரிலிருந்து ஒரு தம்பதி.
மனப்பாடமாய்ச் சொல்லிக்கொண்டே திரையைத் தொட்டேன்.
பால், என்றது திரை.
நூற்றுப்பத்து மில்லி.
காலாவதி தேதி தெரியவில்லை.

கணவர் சிரித்தார்.
"ப்ளாஸ்டிக் பாலா?"
அந்த அம்மாள் கதவைத் திறந்தாள்.
எலுமிச்சையை நகர்த்தினாள்.
சீசாவைப் பார்த்தாள், பிறகு என் சட்டையை.
எத்தனை மாசம் என்று கன்னடத்தில் கேட்டாள்.
"இருபத்துநாலு மாசம் வரைக்கும், மேடம்,
வட்டியே கிடையாது."
"நான் அதைக் கேட்கலை."
"ரெண்டு," என்றேன்.

கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.
"நல்லா வேலை செய்யுது," என்றாள் கணவரிடம்.
கடைசியில் ஒரு மிக்ஸி வாங்கிக்கொண்டு போனார்கள்.

மல்லேஷ் சார் பில்லை மடித்து வைத்தார்.
நிமிரவே இல்லை.
"தினம் நீதானே டெமோ காட்டறே.
கேமராவுக்குத் தெரியாத மூலை எதுன்னு
இன்னுமா தெரியலை?"

வலது கதவில், மேலிருந்து இரண்டாவது,
முட்டை வைக்கும் குழிகளுக்குப் பின்னால்.
தெரியும்.
அங்கே சீசா நிற்காது, சாய்ந்துவிடும்.
அதனால் எலுமிச்சைக்குப் பின்னாலேயே தொடர்கிறது.

ஒன்பது மணிக்கு விளக்குகளை அணைக்கிறேன்.
நாற்பது ஃப்ரிட்ஜ்களும் இருட்டோடு இருட்டு.
சீசாவைப் பைக்குள் வைத்து ஷட்டரை இழுக்கப் போகையில்
பின்னால் ஒரு மெல்லிய மணியோசை,
நீல வெளிச்சம்.

பால் தீர்ந்துவிட்டது.
வாங்கவேண்டிய பட்டியலில் சேர்க்கவா?

திரும்பிப் போய்
வேண்டாம் என்பதை அழுத்திவிட்டு வருகிறேன்,
தினமும்.