சூட்டோடு

பால் பொங்கினால் பொறு.
சூப் வழிந்தால் ஆறட்டும்.
சர்க்கரை என்றால் மட்டும்
சூட்டோடு சுரண்டிவிடு,
ஆறிவிட்டால் கண்ணாடியையே பிய்த்துக்கொண்டு வரும்.
அடுப்பைப் பொருத்த வந்தவர்
வாசலில் ஷூ மாட்டிக்கொண்டே சொன்னது.

ஸ்டென்கா கேட்டுக்கொண்டாள்.
அது தேவைப்பட ஏழு வருஷம் ஆனது.

செப்டம்பர். புர்னோ நகரம், நான்காம் மாடி.
காலையிலிருந்து பிளம் பழங்கள்
கறுத்துக் குழைந்துகொண்டிருக்கின்றன.
போனில் தம்பி ராதிம்:
அப்பா வீட்டை விற்றாகிவிட்டது,
போன மாதமே,
உன்னிடம் ஆற அமரச் சொல்லலாம் என்றிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பாகு பொங்கியது.
சிவந்த வட்டத்தின் மேல்
கருநீலமாய் ஒரு தீவு, ஓரமெல்லாம் குமிழி.

அணைத்தாள். பானையைத் தூக்கி நகர்த்தினாள்.
போனை ஸ்பீக்கரில் போட்டாள்.
பிளேடைச் சாய்த்துப் பிடித்துத் தள்ளினாள்,
தள்ளிக்கொண்டே பேசினாள்,
அம்மா படுத்த மூன்று குளிர்காலங்களை,
அவன் வராத இரண்டை,
கையெழுத்துக்கூடக் கேட்காததை.
அவன் குறுக்கே பேசவில்லை.
கீச் கீச்சென்ற சத்தமும் அவனுக்குக் கேட்டிருக்கும்.

பிறகு, ஆறிய பிறகு,
கொஞ்சம் வினிகர், பட்டாணியளவு களிம்பு,
வட்டவட்டமாகத் துணி.
கூரை விளக்கு கண்ணாடிக்குள் திரும்பி வந்தது.

ஒரே ஓர் இடம்.
பிளேடுக்கு முந்திக்கொண்டு ஆறிய ஒரு துளி
மிளகளவு சில்லைப் பெயர்த்திருந்தது.
இன்றும் துடைக்கையில் துணி அங்கே தடுக்கும்.

ராதிம் வரும்போது
அந்த வட்டத்தில்தான் காபி வைக்கிறாள்.