பவர் இல்லாத கண்ணாடி

நாற்பத்தொரு படம்.
பெயர் வந்தது பதினாறில்,
அதிலும் ஒன்றில் இன்னாசி 'இன்பசி' ஆகிவிட்டார்.

தங்கச்சிமடத்தில் என் அத்தை புருஷன்,
கோடம்பாக்கத்தில் டாக்டர்.
வெள்ளைக் கோட்டு கம்பெனியுடையது,
ஸ்டெதாஸ்கோப் வாடகை,
மூக்குக்கண்ணாடி மட்டும் சொந்தம்.

கதவைத் திறந்து வருவார். கண்ணாடியைக் கழற்றுவார்.
கதாநாயகியின் அப்பாவை, அம்மாவை,
ஒருதரம் கதாநாயகியையே
"நேரம் கடந்துவிட்டது" என்று முடித்துவிட்டு
இடப்பக்கமாக வெளியேறுவார்.
எழுபத்தைந்து ரூபாய். மதியச் சாப்பாடு உண்டு.

ஊருக்கு வந்தால்
காய்ச்சல் கண்ட வீடுகளில் கதவைச் சாத்தினார்கள்.
மீன் ஏலத்தில் ஒருத்தி சொன்னாள்:
"சூடையப் பாத்து மூஞ்சிய அப்புடி வைக்காதீக,
வெலை விழுந்துரும்."
அவரும்தான் சிரித்தார்.

எழுபத்தொன்று, ஐப்பசி.
காற்று தணியட்டும் என்று
பாம்பனில் மூன்று மணிநேரம் ரயிலை நிறுத்திவிட்டார்கள்.
ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது
வராந்தாவில் விளக்குப் போட்டாயிற்று.

கதவு திறந்தது.
டாக்டர் சின்னப் பையன்,
படிப்பு முடித்து எட்டு மாதம் இருக்கும்.
மாமாவைப் பார்த்தான். யாரென்று தெரிந்துவிட்டது.
கண்ணாடிக்குப் போன கை
பாதியில் நின்றது.

மாமா எழுந்தார்.
சட்டைப்பையிலிருந்து தன்னுடையதை எடுத்து மாட்டி
மெதுவாகக் கழற்றினார்.
அந்தப் பையன் தலையசைத்தான்.

காட்சி எப்போதும் இங்கே முடிந்துவிடும்.
இடப்பக்கம் சுவர்.
வலப்பக்கம், ரெஜினாள் அத்தையின் செருப்பு,
ஹார்லிக்ஸ் பாட்டிலோடு நான்.
எந்தப் பக்கம் போவதென்று
யாராவது சொல்வார்கள் என
அவர் நின்றுகொண்டிருந்தார்.