கேட் போட்ட பிறகு

வலங்கைமானிலிருந்து மன்னார்குடிக்குப்
படம் பார்க்கப் போகிறவன்
நீடாமங்கலம் கேட்டில் நிற்காமல் போனதில்லை.
நெல் மூட்டை ஏற்றிய கூட்ஸ்
முன்னே போகும், யோசிக்கும், பின்னே வரும்.
அதனால் எந்தப் படத்திலும்
முதல் இருபது நிமிடம் எனக்குத் தெரியாது.

யாருடா ஹீரோ என்றால்
"பேசாம பாரு" என்பான் ஜெகபர்.
போன தீபாவளிப் படத்தில்
பேரேட்டை மூடிவிட்டு
மீன்குழம்புக்குக் கை கழுவிய ஆளை
நல்லவன் என்று நம்பி
இடைவேளை வரை அவன் பக்கம் இருந்தேன்.
வில்லனாம்.
இருக்கட்டும்.
கூலியைச் சரியாக எண்ணிக் கொடுத்தான்,
நான் பார்த்தேன்.

ஊரே கொண்டாடிய அந்தப் போலீஸ் படம்
எனக்கு ஒட்டவில்லை.
குடோன் வெடிக்கிறது.
அவர் திரும்பிப் பார்க்காமல்
கூலிங் கிளாஸ் மாட்டுகிறார்.
பதினோரு வருஷமாக வெடி கட்டுகிறேன்.
அந்தக் கரும்புகை பெட்ரோல்.
மருந்து வெடித்தால் வெள்ளையாய் எழும்,
சத்தம் காதுக்கு முன்னால் நெஞ்சுக்கு வரும்.
திரும்பிப் பார்ப்போம்.
யார் வரவில்லை என்று எண்ணுவோம்.

போன ஞாயிறு கேட் திறந்தே கிடந்தது.
ஜெகபர் நம்பாமல்
ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டினான்.
புகையிலை எச்சரிக்கையிலிருந்து பார்த்தேன்.
விசில், கிழித்த காகிதம்,
செருப்பைக் காட்டினார்கள், காப்பைக் காட்டினார்கள்,
முகம் வர ஐந்து நிமிடம்.
அதற்குப் பிறகு
யாரை நம்புவது என்று
நான் யோசிக்க எதுவுமில்லை.
தூங்கிவிட்டேன்.

வண்டியை எடுக்கும்போது
"செம படம்ல?" என்றான் ஜெகபர்.
இருக்கும்.