ஒரே சொல்

மழை நனைத்த பிரேமன். வேசர் ஆற்றை ஒட்டிய மண்டபம்.
பின்சுவரோரம் கண்ணாடிக் கூண்டில்
நானும் மெக்டில்டும் ஒரு தண்ணீர்ப் போத்தலும்.
அவள் பிரெஞ்சுக்கு. நான் தமிழுக்கு,
கோயம்புத்தூரிலிருந்து வந்த ஏழு வால்வு முதலாளிகளின்
பதினான்கு காதுகளுக்கு.

பேச்சின் பிரதி முதல் நாளே வந்துவிட்டது.
ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தேன்
எங்கே மூச்சு விடுவார், எங்கே குரல் தாழும்,
எங்கே கண்ணாடியைக் கழற்றுவார் என்று.
ஹென்னிங் ஓல்ட்மான்ஸ் கண்ணாடியைக் கழற்றினால்
அடுத்து வருவது ஒரு குழந்தை.

வந்தது. வயது ஒன்பது, பெயர் ட்யார்க்.
கடிதம் எழுதியிருக்கிறானாம்:
"ராக்கெட்டில் என் முயலுக்கும் இடம் உண்டா?"
மண்டபம் சிரித்தது. அரை செக்கன் பிந்தி
என் ஏழு பேரும் சிரித்தார்கள்.
சிரித்த வாய் மூடுவதற்குள் செலவைச் சொல்லிவிட்டார்:
ஆளுக்கு, ஆண்டுக்கு, ஒரு கோப்பை கோப்பி.
எத்தனை சைபர் என்று யாரும் எண்ணவில்லை.
வாசலில் மேலங்கிகளை வாங்கி மாட்டும் பெண்
வீட்டிலிருந்து கொண்டுவந்ததை
ஃபிளாஸ்க் மூடியில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

பிறகு எதிர்க்கட்சிக்கான பத்தி.
பாலம் விரிசல் விட்டிருக்கிறதே,
பாலர் பாடசாலையில் இடம் இல்லையே, வானம் எதற்கு?
"நியாயமான கேள்வி" என்றார்.
நியாயம் என்று சொன்னதோடு சரி. கடலைக் காட்டினார்.
இந்தத் துறைமுகத்தில் அன்று கப்பல் ஏறியவர்கள்
பாலத்தைச் செப்பனிட்டுவிட்டா போனார்கள்?
கைதட்டல். எனக்கும் அந்த வரி பிடித்திருந்தது.
தமிழில் இன்னும் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தேன்,
'திரைகடல்' கூப்பிடாமலே வந்து நின்றது.
ஏற்றுமதிக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இதெல்லாம் எளிது.
மும்மூன்றாய் அடுக்குவது, சட்டென்று நிறுத்துவது,
'மற்றவர்கள் ஏற்கெனவே கிளம்பிவிட்டார்கள்' என்று
பெயர் சொல்லாமல் வெருட்டுவது.
மேடை தமிழுக்குப் புதிதா?

இடறுவது ஒரு சின்னச் சொல். 'வீர்.'
ஜேர்மனில் அது ஒன்றுதான்.
தமிழில் இரண்டு: உன்னையும் சேர்த்தால் நாம்,
உன்னை வெளியே நிறுத்தினால் நாங்கள்.
அவர் அதை நாற்பத்தொரு முறை சொன்னார்,
பிரதியில் எண்ணியிருந்தேன்.
ஒவ்வொரு முறையும் அரை செக்கனுக்குள்
இந்த ஏழு பேரை உள்ளே விடுவதா என்று
நான் முடிவுசெய்ய வேண்டும்.
நாற்பது முறை விட்டேன்.
நாம் துணிவோம். நாம் கட்டுவோம்.
நாம் திரும்பிப் பார்க்க மாட்டோம்.

கடைசி வரி, விளக்குகள் மங்கிய பிறகு.
ஏனோ அந்த நேரம் நினைவில் வந்தது
தொண்ணூற்றாறில் வெளிநாட்டவர் அலுவலகம்
எனக்கு அனுப்பிய கடிதம்.
அதுவும் அந்தச் சொல்லில்தான் தொடங்கியது:
உங்களுக்கு அறியத்தருகிறோம்.
அதற்குள் நான் இருந்தேனா என்று பார்க்க
அகராதி தேவைப்படவில்லை.

ஒலிவாங்கியில் என் குரல்:
"நாங்கள் அங்கே இருப்போம்."

மண்டபம் எழுந்து நின்று தட்டியது.
ஏழு தலைகள் மட்டும் கூண்டின் பக்கம் திரும்பின.
மெக்டில்ட் தன் பிரெஞ்சை முடித்துவிட்டு
ஒரு தொண்டை மிட்டாயை என் பக்கம் தள்ளினாள்.

விருந்தில் பொங்கியண்ணன் வந்தார், கையில் காகிதத் தட்டு.
"ஏனுங்க, அந்தக் கடைசி வார்த்தை
அவரு சொன்னதுங்களா, நீங்க போட்டதுங்களா?"
"அவையின்ர பாசையில ரெண்டுக்கும் ஒரே சொல்தான்" என்றேன்.
உருளைக்கிழங்கு சாலட்டிலிருந்து பன்றித் துண்டுகளை
ஒவ்வொன்றாய் ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.
"சரிங்க" என்றார்,
"ஒப்பந்தம் போடறப்பத் தெரிஞ்சுரும்."